சுற்றுலா மோசடி

சுற்றுலா மோசடி என்பது, ஓர் ஊருக்குப் புதிதாக வரும் பயணியின் அறியாமை, நேரக் குறைவு, மொழித் தடை ஆகியவற்றைப் பயன்படுத்தி, பொய்யான தகவலின் மூலம் அவரிடமிருந்து பணத்தையோ பொருளையோ பெறும் செயல் ஆகும். அச்சுறுத்திப் பறிக்கும் வழிப்பறியிலிருந்தும், அறியாமல் எடுக்கும் பிக்பாக்கெட் திருட்டிலிருந்தும் இது வேறுபடுகின்றது. இங்கு பயணி தன் கையாலேயே பணத்தை எடுத்துக் கொடுக்கின்றார். பல வேளைகளில் நன்றியும் கூறுகின்றார். ஏமாந்தது தெரியவரும்போது அவர் வேறு ஊரிலோ, தாயகத்திலோ இருப்பார். வழக்கு நடத்த மீண்டும் வரமாட்டார் என்பது ஏமாற்றுபவருக்கு நன்கு தெரியும். இம்மோசடிகள் நீடித்து நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா செல்வோருக்குத் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகியன அருகிலுள்ள நாடுகள். இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்குத் தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா 2023 டிசம்பரிலும் விசா விலக்கு அளித்த பின், முதன்முறையாக வெளிநாடு செல்லும் குடும்பங்களுக்கு இப்பயணம் எளிதாயிற்று. அனுபவம் குறைந்த இப்பயணிகளே மோசடிக்கு எளிதில் ஆளாகின்றனர்.

வரலாறு

வழிப்போக்கரின் நம்பிக்கையைப் பெற்று ஏமாற்றுதல் பழைய தொழிலே. வட, நடு இந்தியப் பெருவழிகளில் இயங்கிய தக்கர்கள், பயணிகளுடன் நட்புப் பூண்டு, சில நாட்கள் உடன் பயணம் செய்து, தக்க இடத்தில் கொன்று கொள்ளையிட்டனர் என்று ஆங்கிலேய ஆவணங்கள் கூறுகின்றன. இவர்களை ஒடுக்க 1836 இல் கிழக்கிந்தியக் கம்பனி அரசு தனிச் சட்டம் இயற்றியது. அந்த ஆவணங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். எவ்வாறாயினும், இந்தியில் 'தக்' என்ற சொல்லுக்கு ஏமாற்றுபவன் என்பதே பொருள். அது ஆங்கிலத்திற்குச் சென்ற பின்னரே முரடன் என்னும் பொருளைப் பெற்றது.

தாமசு குக் 1841 இல் இங்கிலாந்தில் தொடர்வண்டி மூலம் குழுப்பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தது தற்காலச் சுற்றுலாத் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. பெருந்திரளான மக்கள் குறுகிய விடுமுறையில் பயணம் செய்யத் தொடங்கியதும், பயணியைக் கடைக்கு அழைத்து வருபவருக்குத் தரகு கொடுக்கும் வழக்கம் பரவியது. தரகு மட்டுமே குற்றமாகாது. ஆனால் அழைத்து வருபவர் யாருக்காக வேலை செய்கின்றார் என்பதைப் பயணி அறியாதிருக்கும்போது, அது மோசடியின் வாயிலாக அமைகின்றது.

விலையேற்றமும் மோசடியும்

விலை அதிகம் என்பதும் மோசடி என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலுள்ள வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் உள்ளன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைக்கு வரும் பயணிகள், கோயில் அருகிலிருந்து 1,000க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி அருவியை அடைகின்றனர். இத்தகைய இடத்தில் தண்ணீர்ப் புட்டியோ அன்னாசித் துண்டோ சமவெளியை விடக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டால், அது மோசடி ஆகாது. சுமந்து வந்த கூலி அதில் அடங்கியுள்ளது. வாங்குபவருக்கு விலையும் தெரியும், பொருளும் தெரியும். வேண்டாம் என்று நகர்ந்து விடலாம்.

பொருளைப் பற்றிய கூற்று பொய்யாகும்போதுதான் நிலைமை மாறுகின்றது. மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் விரும்பி வாங்கும் தேன் இதற்கு நல்ல சான்று. நீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்கும், நாய் நக்காது, எறும்பு மொய்க்காது, திரியை நனைத்தால் எரியும் என்றெல்லாம் கூறி, விற்பவர்கள் எந்த மலையிலும் சோதித்துக் காட்டுவதுண்டு. இவற்றுள் எதுவும் நம்பத்தக்க சோதனை அன்று. கெட்டியான சர்க்கரைப் பாகும் நீரில் அடியில்தான் தங்கும். தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, பெயர்பெற்ற நிறுவனங்களின் தேன் பலவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகவும், அப்பாகு வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனைகளையே ஏமாற்றும் வகையில் தயாரிக்கப்படுவதாகவும் கூறியது. ஆய்வுக்கூடமே ஏமாறும்போது, படிக்கட்டு ஓரத்தில் காட்டப்படும் சோதனை எதையும் மெய்ப்பிக்காது. கண்முன் சோதித்துக் காட்டுதல் என்பதே, பாங்காக்கின் நகைக்கடையாயினும் மலையடிவாரத்தின் தேன் போத்தலாயினும், பயணியின் ஐயத்தை அடக்கும் பழைய உத்தி எனலாம்.

கொல்லிமலையில் விற்கப்படும் முடவாட்டுக்கால் கிழங்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆட்டுக்கால் போன்று உரோமம் மூடிய இக்கிழங்கு, பெரணி வகைத் தாவரம் ஒன்றின் தண்டுப் பகுதி. இதைச் சூப்பாகக் காய்ச்சி உண்பது மலைமக்களின் வழக்கம். உணவு என்று விற்பவர் ஏமாற்றுபவர் அல்லர். மூட்டுவலி இத்தனை நாளில் முற்றும் நீங்கும் என்று உறுதி கூறி விற்பவர் ஏமாற்றுகின்றார்.

பாங்காக் இரத்தினக்கல் மோசடி

சுற்றுலா மோசடிகளுள் மிகவும் அறியப்பட்டதும், மற்ற பலவற்றின் அமைப்பை விளக்கவல்லதும் இதுவே. தாய்லாந்துத் தலைநகரின் பெரிய அரண்மனையை நோக்கி நடந்து செல்லும் பயணியை, நன்கு உடுத்திய ஒருவர் வழியில் சந்திக்கின்றார். தம்மை ஆசிரியர் என்றோ அரசு ஊழியர் என்றோ கூறிக்கொள்வார். இன்று பௌத்தத் திருநாள், அரண்மனை பிற்பகல்வரை மூடப்பட்டுள்ளது என்று வருத்தத்துடன் தெரிவிப்பார். அதுவரை வேறு விகாரைகளைப் பார்க்கலாம் என்று வரைபடத்தில் குறித்தும் கொடுப்பார். அரசின் சிறப்புத் திட்டம் காரணமாக இன்று துக்-துக் எனப்படும் முச்சக்கர வண்டிக்குக் கட்டணம் மிகக் குறைவு என்றும் கூறுவார். வண்டி ஒன்று அருகிலேயே நிற்கும்.

வண்டி முதலில் உண்மையாகவே ஒரு சிறிய விகாரைக்குச் செல்கின்றது. அங்கு தனியே அமர்ந்திருக்கும் மற்றொருவர், தற்செயலாகப் பேச்சுக் கொடுப்பார். தாம் வெளிநாட்டில் வாழ்வதாகவும், ஏற்றுமதி நிலையத்தில் வரியின்றி நீலக்கல் வாங்கித் தம் நாட்டில் இரு மடங்குக்கு விற்றதாகவும், அந்தச் சலுகைக்கு இன்றே கடைசி நாள் என்றும் கூறுவார். வண்டி ஓட்டுநரும் அப்படியொரு சலுகை உண்டு என்று ஆமோதிப்பார். இறுதியாகக் கடை. வாங்கிய கற்களைப் பாதுகாப்புக்காக என்று கூறி, கடைக்காரரே பயணியின் வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பி விடுவார். பயணி மறுநாள் மனம் மாறினாலும் திருப்பிக் கொடுக்கக் கையில் கல் இருக்காது.

இம்மோசடியில் விற்கப்படும் கல் பெரும்பாலும் போலி அன்று; தரம் குறைந்த உண்மையான நீலக்கல்லே. அதன் மதிப்பைப் போலப் பன்மடங்கு விலை பெறப்படுகின்றது. ஆகவே போலிக் கல் விற்றதாகக் குற்றம் சாட்ட இயலாது. விலை பேசி வாங்கினீர்கள் என்பதே கடையின் மறுமொழி. (செயற்கை மாணிக்கம், நீலம் முதலியவற்றை உருக்கி ஆக்கும் வெர்னாய் முறை 1902 இலேயே வெளியிடப்பட்டது. ஆதலால் உண்மைப் போலிகளும் சந்தையில் உண்டு. இரண்டையும் ஆய்வுக்கூடத்தின் துணையின்றிப் பயணி பிரித்தறிய இயலாது.)

மூவர் ஒருவரையொருவர் அறியாதவர்போல் ஒரே செய்தியைத் தனித்தனியே கூறுவதே இம்மோசடியின் உயிர்நாடி. ஒருவர் கூறினால் ஐயுறும் பயணி, மூவர் கூறினால் உறுதி செய்து கொண்டதாக எண்ணுகின்றார். ஆனால் அம்மூவருள் ஒருவரையும் பயணி தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மூவரும் அவரைத் தேடி வந்தவர்கள். ஆகவே, தாமே சென்று வேறொருவரைக் கேட்பது சிறந்த தற்காப்பு. அரண்மனையைப் பொறுத்தவரை வாயில்வரை நடந்து சென்றாலே போதும். அது வழக்கமாக எல்லா நாட்களிலும் காலை 8.30 மணி முதல் பிற்பகல் 3.30 மணிவரை நுழைவுச்சீட்டு வழங்குகின்றது. அரச விழாக்களுக்காக மூடப்படும் நாட்கள் முன்னரே அறிவிக்கப்படும். ஓட்டுநர் குறைந்த கட்டணம் கேட்பதற்குக் காரணம், கடையிலிருந்து அவருக்குக் கிடைக்கும் தரகும் எரிபொருள் சீட்டுமே.

கொழும்பில் இதே நாடகம்

கொழும்பு காலி முகத்திடலில் உலாவும் பயணிகளிடம் இதன் மறுபதிப்பைக் காணலாம். கங்காராம விகாரையில் இன்று யானை ஊர்வலம், இன்று மட்டுமே, என்று ஒருவர் கூறி முச்சக்கர வண்டியில் ஏற்றுவார். ஊர்வலம் இராது, வழியில் இரத்தினக்கல் கடை இருக்கும், திரும்பும்போது வண்டிக் கட்டணம் பெருந்தொகையாகியிருக்கும். அவ்விகாரையின் புகழ்பெற்ற நவம் பெரகரா ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறுவதாகும். ஊர்வலம் உண்மை, நாள் பொய்.

தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இங்கு கூடுதல் இடர் ஒன்று உண்டு. அணுகுபவர் தமிழிலேயே பேசக்கூடும். அயல்நாட்டில் தாய்மொழி கேட்ட மகிழ்ச்சியில் ஐயம் மறைந்து விடுகின்றது. கோலாலம்பூர், சிங்கப்பூர் முதலிய நகரங்களுக்கும் இது பொருந்தும். மொழி ஒருவரின் ஊரைக் காட்டலாம், நேர்மையைக் காட்டாது. இலங்கையில் வாங்கும் கற்களைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதித்தறியலாம். வண்டிகளில் மீட்டர் உள்ளதா என்று ஏறுமுன் பார்ப்பதும், செயலி வழியாக வண்டி அழைப்பதும் கட்டணத் தகராறைத் தவிர்க்கும்.

கையெழுத்தும் பிணையும்

சிங்கப்பூர் சட்டம் ஒழுங்குக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கும் 2014 இல் சிம் லிம் சதுக்க வணிக வளாகத்தில், வியட்நாமைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் 950 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ஐபோன் வாங்கினார். படிக்காமல் அவர் கையொப்பமிட்ட தாளில் உத்தரவாதக் கட்டணம் தனியே குறிக்கப்பட்டிருந்தது. மேலும் 1,500 வெள்ளி கொடுத்தால்தான் கருவியைத் தருவோம் என்று கடையில் கூறினர். அவர் மண்டியிட்டுக் கெஞ்சிய காட்சி இணையத்தில் பரவியது. கடை உரிமையாளருக்கு 2015 இல் 33 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வழக்கு தண்டனையில் முடிந்தமைக்கு அந்தக் காணொளி எழுப்பிய பொதுமக்களின் சினமும் ஒரு காரணம். பெரும்பாலான பயணிகளுக்கு அத்தகைய சாட்சி வாய்ப்பதில்லை.

தாய்லாந்தின் பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் நீர் மோட்டார் வண்டி வாடகைக்கு விடுவோர் சிலர், வண்டியில் முன்பே இருந்த கீறல்களைக் காட்டிப் பெருந்தொகை இழப்பீடு கேட்பதுண்டு. பயணியின் கடவுச்சீட்டு பிணையாக அவர்களிடம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. எந்த வாடகைக்கும் கடவுச்சீட்டைப் பிணையாகக் கொடுக்கலாகாது. 1967 ஆம் ஆண்டின் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி அது எப்போதும் நடுவண் அரசின் உடைமை. வைத்திருப்பவருக்கு அதை அடகு வைக்கும் உரிமை இல்லை. வண்டியை எடுக்குமுன் நான்கு புறமும், அடிப்பாகத்தையும், உரிமையாளர் கண்முன்னே காணொளி எடுத்தல் நலம். அவ்வாறு எடுப்பதைக் கண்டு முகம் சுளிப்பவரிடம் வாடகைக்கு எடுக்காதிருப்பதே மேல்.

ஐரோப்பிய நகரங்களில் காணப்படுவன பெரும்பாலும் சிறிய தந்திரங்கள். பாரிசில் கையில் நூல் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பர். காது கேளாதோருக்கான விண்ணப்பம் என்று கையொப்பம் கேட்பர், அதற்குள் மற்றொருவர் பையைத் திறப்பார். இசுதான்புல்லில் காலணி துடைப்பவர் தூரிகையைத் தவறவிடுவார். எடுத்துக் கொடுக்கும் பயணிக்கு நன்றிக்கடனாகக் காலணியைத் துடைத்து, பின் கூலி கேட்பார். பீஜிங்கில் ஆங்கிலம் பழக விரும்பும் மாணவர்கள் தேநீர்க் கடைக்கு அழைத்துச் செல்வர், தேநீரின் விலை பின்னரே தெரியும். சாதாரண உடையில் வந்து காவலர் என்று கூறிப் பணப்பையைச் சோதிக்கக் கேட்பவர் பல நாடுகளிலும் உண்டு. அருகிலுள்ள காவல் நிலையத்தில் காட்டுகின்றேன் என்று கூறினால் போலிக் காவலர் விலகி விடுவார்.

பணமும் இணையமும்

வெளிநாட்டில் அட்டை மூலம் பணம் செலுத்தும்போது, உள்ளூர் நாணயத்திலா, இந்திய ரூபாயிலா என்று கருவி கேட்கும். ரூபாய் என்பது புரிந்த கணக்காகத் தோன்றினும், அதற்கான மாற்று வீதத்தைக் கடையின் வங்கியோ இடைநிறுவனமோ தன் இலாபத்தைச் சேர்த்தே முடிவு செய்கின்றது. உள்ளூர் நாணயத்தைத் தெரிவு செய்வதே பெரும்பாலும் மலிவானது. இது சட்டத்துக்கு உட்பட்டதாதலால் மோசடி எனல் பொருந்தாது. ஆனால் பயணியைக் கேளாமல் கடைக்காரரே ரூபாயை அழுத்துதல் ஏமாற்றே. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதைப் பயணத்தின்போது மட்டும் திறந்து, வரம்பு குறித்து, திரும்பியதும் மூடிவிடலாம்.

மலேசியா 2023 டிசம்பரிலும், தாய்லாந்து 2025 மேயிலும் வருகைப் படிவங்களை இணையத்துக்கு மாற்றின. இரண்டுக்கும் கட்டணம் இல்லாமலே அறிமுகம் செய்யப்பட்டன. ஆயினும் தேடுபொறியில் முதலில் தோன்றும் தளங்கள் சில, அரசுத் தளம் போன்ற தோற்றத்துடன் கட்டணம் வாங்குகின்றன. பணத்தை விட, கொடுக்கப்படும் கடவுச்சீட்டு விவரங்களே பெரிய இழப்பு. அந்நாட்டுத் தூதரகத்தின் பக்கத்திலிருந்து இணைப்பை எடுப்பதே பாதுகாப்பானது.

விடுதலையையே இழக்கும் மோசடிகள்

மேற்கூறியவற்றில் இழப்பது பணம். வேறு இருவகை மோசடிகளில் பயணியே சிக்கிக் கொள்கின்றார்.

முதலாவது, பொதி சுமத்தல். மும்பையைச் சேர்ந்த இளந்தம்பதியர் 2019 சூலையில் கத்தார் நாட்டுத் தோகா வானூர்தி நிலையத்தில் கைது செய்யப்பட்டனர். உறவினர் ஒருவர் அவர்களது பயணச் செலவை ஏற்று, புகையிலைப் பொதி என்று கூறிக் கொடுத்தனுப்பியதில் சுமார் 4 கிலோகிராம் கசிசு போதைப்பொருள் இருந்தது. இருவருக்கும் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கருவுற்றிருந்த மனைவி சிறையிலேயே குழந்தை பெற்றார். இந்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் விசாரணை அவர்கள் ஏமாற்றப்பட்டதைக் காட்டிய பின், வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 2021 இல் விடுதலையாகித் தாயகம் திரும்பினர். சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இக்குற்றத்துக்கு மரண தண்டனையும் உண்டு. தம்மிடம் இருந்த பொதியில் என்ன உள்ளது என்று தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் சுமை அங்கு பயணியின் மேலேயே விழுகின்றது. வானூர்தி நிலைய வரிசையில் முன்பின் அறியாதவர் கொடுக்கும் பையை மறுப்போர் பலர். உறவினர் கொடுப்பதை மறுப்பதற்குத்தான் தமிழ்க் குடும்பங்களில் நா எழுவதில்லை. மறுக்க முடியாதபோது, பொதியைத் திறந்து முழுவதும் பார்த்து, தாமே மீண்டும் கட்டுவது குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

இரண்டாவது, சுற்றுலா விசாவில் வேலை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இளைஞர்கள், எல்லை கடந்து மியான்மரின் மியாவதிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு காவலில் வைக்கப்பட்டு, பிறரை இணையம் வழி ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். இந்திய வெளியுறவு அமைச்சு 2022 செப்டம்பரில் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்ட தமிழர்களின் ஒரு குழு 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தது. 2025 மார்ச்சில் 549 இந்தியர்கள் வானூர்திப் படை விமானங்கள் மூலம் அழைத்து வரப்பட்டனர். ஏமாந்தவரைக் கொண்டே அடுத்தவரை ஏமாற்றச் செய்வது இதன் கொடுமை. வேலைக்கு அழைப்பவர் 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற முகவரா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் உள்ளது. போனபின் வேலை விசாவாக மாற்றித் தருவோம் என்ற சொல்லே மோசடியின் தெளிவான அடையாளம்.

ஏமாந்த பின் செய்யத்தக்கவை

வெட்கத்தால் பேசாதிருப்பது ஏமாந்தவர் செய்யும் இரண்டாம் தவறு. அந்நாட்டை விட்டுப் புறப்படுமுன் முறைப்பாடு செய்தால் மட்டுமே பணம் திரும்ப ஓரளவு வாய்ப்புண்டு. தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணிலும், இலங்கையில் சுற்றுலா அதிகார சபையை 1912 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சிங்கப்பூரின் சிறுகோரிக்கைத் தீர்ப்பாயம், பயணிகளின் வழக்குகளை அவர்கள் புறப்படுமுன் விரைந்து விசாரிக்க வழி செய்துள்ளது. இரத்தினக்கல் அஞ்சலில் அனுப்பப்பட்டிருந்தால், அட்டையில் செலுத்திய தொகையை மறுத்து வங்கிக்கு உடனே எழுத வேண்டும். பற்றுச்சீட்டு, கடையின் படம், வண்டியின் எண் ஆகியவை அப்போது பயன்படும்.

கடவுச்சீட்டு பறிபோயிருப்பின், முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துமூலச் சான்று பெற்று, அதனுடன் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழை அங்கு பெறலாம். கடவுச்சீட்டின் படியையும் இரு ஒளிப்படங்களையும் வேறு பையில் வைத்திருந்தால் இவ்வேலை விரைவில் முடியும். தூதரகம் தொடர்பான குறைகளைப் பதிவு செய்ய வெளியுறவு அமைச்சு 2015 இல் மதத் என்ற இணையவாயிலைத் தொடங்கியது. பயணியின் குடும்பத்தினர் ஊரிலிருந்தே அதில் முறையிடலாம். இணையவழிப் பண இழப்பாயின், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் முடக்குவதே நோக்கமாதலால், முதல் சில மணி நேரத்திற்குள் அழைத்தால்தான் பயனுண்டு.